தவில்காரர் முழங்கை வலி: அக்குபஞ்சரும் சாப்பாடும் போதுமா?

9 மே 2022

வள்ளியூர்ப் பக்கத்துத் தம்பி ஒருத்தர் கேட்டது: "எங்க அண்ணன் நையாண்டி மேளத்துல தவில் அடிக்கான். வலது கையில எட்டு மாசமா வலி. ரெண்டு தடவை முழங்கையில ஊசி மருந்து போட்டாச்சு. அக்குபஞ்சர் பண்ணிச் சாப்பாட்டையும் மாத்தினா முழுசா போயிரும்னு ஒருத்தர் சொல்லுதாரு. நம்பலாமா?"

நம்பிப் போகச் சொல்லுங்க தம்பி. நான் போனேன், சரியாச்சு. சேரன்மகாதேவிப் பக்கம் எங்க ஊரு. இருபத்தாறு வருஷமா தவில்தான், கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம், சடங்கு எல்லாத்துக்கும். போன கார்த்திகையில வலது முழங்கைக்கு வெளிப்பக்கம், எலும்பு முட்டிக்கிட்டு நிக்கும் பாருங்க, அந்த இடத்துல ஆரம்பிச்சுது. முதல்ல மேளம் முடிஞ்ச பொறவு வலிச்சுது. அடுத்து அடிக்கும்போதே வலிச்சுது. கடைசில தண்ணிச் சொம்பைத் தூக்க முடியலை, துண்டைப் பிழிய முடியலை. ஆறு தடவை அக்குபஞ்சர் ஊசி. ஆச்சி ஒரு மண்டலம் உளுந்தங்களி கிண்டிக் குடுத்தா. சித்திரைக் கொடைக்கு விடிய விடிய அடிச்சேன்.

10 மே 2022

நேத்து எழுதினதுல ரெண்டு தப்பு. ஆறு தடவை இல்லை, எட்டு தடவை. வீட்டுல சீட்டை எடுத்துக் காட்டினா. இன்னொண்ணு, மார்கழி முழுக்க எனக்கு மேளமே இல்லை. கல்யாணம் கிடையாது, கொடை கிடையாது, கை ஒரு மாசம் சும்மா கிடந்துச்சு. ஊசி குத்த ஆரம்பிச்சது தையில. அப்போ பாதி வேலையை மார்கழி ஓய்வே பாத்துட்டுதோன்னு இன்னைக்குத்தான் தோணுது.

13 மே 2022

ஊசி எப்படிக் குத்துவாங்க, வலிக்குமான்னு மூணு பேரு கேட்டுட்டாங்க. விவரமாச் சொல்லுதேன்.

நான் போனது பாளையங்கோட்டையில ஒரு டாக்டரம்மாகிட்ட. முதல் நாள் ஊசியையே எடுக்கலை. முழங்கையை அமுக்கினாங்க, மணிக்கட்டை மேல தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தினாங்க, நடுவிரலை நீட்டச் சொல்லி அதையும் அழுத்தினாங்க. உயிரே போச்சு. பொறவு கழுத்தைத் திருப்பச் சொன்னாங்க, விரல் மரத்துப் போகுதா, ராத்திரி கை வலிச்சு முழிப்பு வருதான்னு கேட்டாங்க. எனக்கு அதெல்லாம் இல்லை. மணிக்கட்டைத் தூக்குற தசைகள் எல்லாம் முழங்கையில அந்த ஒரு எலும்புல வந்து சேருது, தசையை எலும்போட கட்டுற அந்த நாண் நைஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. டென்னிஸ் எல்போன்னு பேரு. டென்னிஸ் மட்டையைக் கண்ணால பாக்காதவனுக்கும் வரும்னாங்க.

ஊசி முடி கணக்கா மெல்லிசு, கால் மில்லிமீட்டர்கூட முழுசா இருக்காது. முழங்கையை மடக்கினா மடிப்பு முடியுற இடத்துல ஒண்ணு, அக்குபஞ்சர்ல பெருங்குடல் பாதைன்னு கையில ஒரு கோடு சொல்லுவாங்க, அதுல 11-ஆம் புள்ளி அது. அதுக்கு ரெண்டு பெருவிரல் அகலம் கீழ 10-ஆம் புள்ளி. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல 4-ஆம் புள்ளி. மணிக்கட்டுக்கு மேல புறங்கைப் பக்கம் ஒண்ணு. குத்தும்போது எறும்பு கடிச்ச அளவுதான். உள்ள போன பொறவுதான் ஒரு கனம் வரும், கைக்குள்ள ஈயத்தை ஊத்தினது கணக்கா. அந்தக் கனம் வரணும்னுதான் அவங்க ஊசியை லேசாத் திருகுதாங்க. இருபது நிமிஷம் அப்படியே படுத்திருக்கணும். வாரம் ரெண்டு தடவை. மூணாவது தடவைக்குப் பொறவு சொம்பு தூக்க முடிஞ்சுது.

கர்ப்பமா இருக்கிற பொம்பளைங்களுக்கு அந்தப் பெருவிரல் புள்ளியில குத்த மாட்டாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க முதல்லயே சொல்லிரணும். உறையைப் பிரிச்சு எடுக்கிற புது ஊசியான்னு கண்ணால பாருங்க. தோள் உச்சியில, நெஞ்சுப் பக்கம் ஆழமாக் குத்தினா நுரையீரல்ல ஓட்டை விழும் ஆபத்து உண்டு. அந்த இடத்தைப் படிச்ச கை மட்டும்தான் தொடணும்.

14 மே 2022

தம்பியோட அண்ணன் போட்ட ஊசி மருந்து பத்தி. அது ஸ்டீராய்டு. எங்க செட்டுல நாயனம் வாசிக்கிற அண்ணாச்சியும் போட்டாரு. ஒரே வாரத்துல வலி பறந்துச்சு, ஆறு மாசத்துல இன்னும் பெருசாத் திரும்பி வந்துச்சு. டாக்டரம்மா சொன்னதும் இதுதான். 2013-இல் ஆஸ்திரேலியாவுல பண்ணின ஆய்வுல, ஸ்டீராய்டு போட்டவங்க முதல் மாசம் நல்லாயிருந்தாங்களாம், ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவங்களைவிட அவங்களுக்குத்தான் வலி அதிகமாத் திரும்பியிருந்துச்சாம். ரெண்டு போட்டாச்சுல்லா, மூணாவதுக்கு அவசரப்படாதீங்க.

20 மே 2022

இப்போ சாப்பாடு. எங்க ஆச்சிக்கு எண்பத்து நாலு வயசு. கைவலின்னதும் அவ சொன்னது ஒரே வார்த்தை: "எலும்புக்கு உளுந்து போடாம மேளத்துக்கு அடி போட்டா எப்படிலே தாங்கும்?" கருப்பு உளுந்தை வறுத்துத் திரிச்சு, உடன்குடிக் கருப்பட்டிப் பாகுல கிண்டி, நல்லெண்ணெய் மேல மிதக்க மிதக்க உருண்டை பிடிச்சுக் குடுப்பா. வாரம் ரெண்டு நாள் உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். முருங்கைக்கீரை. எனக்குச் சரியானதுல பாதிப் பேரு அவளுக்குத்தான் போகணும்.

கொடைக்குப் போறவன் சாப்பாட்டை எண்ணிப் பாருங்க. சாமியை அழைக்கிற குடியழைப்புக்கு முந்தி ரெண்டு இட்லி. மதியக்கொடை முடியவே மூணு மணி ஆகும், அப்போ ஒரு சோறு, சாம்பார். ராத்திரி சாமக்கொடை முடியுற வரைக்கும் டீ, டீ, டீ. விடியக்காலம் படைப்புச் சோறு. ஒரு நாளைக்குப் பன்னெண்டு டீ குடிச்சிருக்கேன். பருப்பு, முட்டை, மீனு கண்ணுலயே படாது. தோள்ல தவில் தொங்குது, கை நிமிஷத்துக்கு இத்தனை அடின்னு ஓடுது, உடம்புக்குப் போறது வெறும் சோறும் சீனியும்.

3 ஜூன் 2022

ஊசி இல்லாம விரலால தொட்டே குணமாக்குற ஆளு இருக்காருன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். நானும் போயிருக்கேன், இதை மறைச்சு வச்சது தப்பு. பாளையங்கோட்டைக்குப் போறதுக்கு முந்தி, ஒரு சின்ன ஊருல ஒருத்தர்கிட்ட மூணு வாரம் போனேன். நாடியைப் பாத்தாரு, ஒரு புள்ளியைத் தொட்டாரு, அவ்வளவுதான். காசும் அதிகம் கேக்கலை. ஆனா "சுகர் மாத்திரையை நிப்பாட்டுங்க, அதுதான் விஷம், கைவலியே அதனாலதான்"னு சொன்னாரு. நான் நிப்பாட்டினேன். மூணாவது வாரம் நாக்கு வறண்டு, ராத்திரி ஆறு தடவை எந்திரிச்சு, தலை சுத்தி, மேலுக்கு முடியாமப் படுத்துட்டேன். சுகரு நானூத்துப் பத்து. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில நாலு நாள் கிடந்தேன். என் பிள்ளைக முகத்தை அந்த நாலு நாள்ல பாத்தது இன்னும் மனசை விட்டுப் போகலை.

யாரு எந்த வைத்தியம் பண்ணினாலும் பண்ணட்டும். மாத்திரையை நிப்பாட்டச் சொல்லுதவங்க வீட்டு வாசலை மிதிக்காதீங்க. பாளையங்கோட்டை டாக்டரம்மா முதல் நாளே கேட்டது, "சுகர் மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுதீங்களா?"

19 ஆகஸ்ட் 2022

ஆடி கழிஞ்சுது. பதினோரு கொடை. வலி வந்துட்டுது.

காரையாறு சொரிமுத்தையனார் கோயில்ல ஆடி அமாவாசைக்கு அடிச்சுட்டு வந்த மறுநாளே தெரிஞ்சுது. அதே எலும்பு, அதே சொம்பு. மே மாசம் இங்கே "சரியாச்சு"ன்னு எழுதினதைப் படிச்சுட்டு எத்தனை பேரு தெம்பா இருந்தாங்களோன்னு நினைச்சா மனசு கெடந்து அடிக்கு. அந்த வார்த்தையை வாபஸ் வாங்குதேன். குறைஞ்சுது, சரியாகலை.

2 செப்டம்பர் 2022

டாக்டரம்மாகிட்ட திரும்பப் போனேன். ஊசி போடுறதுக்கு முந்தி ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் குடுத்தாங்க. போன தடவையே எழுதினாங்க, காசைப் பாத்து நான்தான் எடுக்கலை. இப்போ வந்திருக்கிறது: மூணு மாசச் சராசரிச் சுகர் (HbA1c) 8.1. வைட்டமின் பி12 148, குறைஞ்சது 200 இருக்கணும். வைட்டமின் டி 14. ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 12.2.

இதுல எனக்குப் பெரிய பாடம் பி12. ஆறு வருஷமா நான் சாப்பிடுற மெட்ஃபார்மின் மாத்திரை, வருஷக் கணக்குல சாப்பிட்டா பி12-ஐக் குறைக்கும். அதுக்காக மாத்திரையை விட்டுரக் கூடாது, பி12-ஐத் தனியா ஏத்திக்கிடணும். அந்தச் சத்து உளுந்துல கிடையாது. கீரையிலயும் கிடையாது. மீனு, முட்டை, பாலு, கறி, இதுலதான். ஆச்சிகிட்ட இதைச் சொல்லணும்னா எப்படிச் சொல்ல? சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. பொறவு, "அப்போ சாளை மீனு வாங்கிட்டு வா"ன்னா.

சுகர் அதிகமா இருந்தா நாண்களும் கெட்டிப்பட்டுப் போகுமாம், காயம் ஆற நாளாகுமாம். எனக்கு உளுந்தங்களி கருப்பட்டியோட ஒரு மண்டலம்! கருப்பட்டின்னாலும் சீனிதான்னு யோசிக்காமலே சாப்பிட்டிருக்கேன். மே 20-இல் எழுதினதைச் சுகர் உள்ளவங்க அப்படியே எடுத்துக்காதீங்க. உளுந்து நல்லது, புரதம் இருக்கு. கருப்பட்டிதான் நமக்கு ஆகாது. எனக்கு இப்போ உளுந்தஞ்சோறுல சோறு பாதி, உளுந்து பாதி.

3 செப்டம்பர் 2022

மீனு சாப்பிடாத வீடுன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. பாலு, தயிரு, மோருல பி12 கொஞ்சம் கிடைக்கும். பத்தாதுன்னா மாத்திரையோ ஊசியோ டாக்டர் எழுதித் தருவாங்க. எனக்கும் முதல்ல ஊசிதான் போட்டாங்க. டீயைச் சோத்தோட குடிக்காதீங்க, கீரையில இருக்கிற இரும்புச் சத்தை உடம்புல ஏற விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

17 செப்டம்பர் 2022

இந்தத் தடவை ஊசி குத்தும்போது நேரடியாவே கேட்டேன்: "இது நோயை எடுக்குதா, வலியை மட்டும் எடுக்குதா?" அவங்க மழுப்பலை. முழங்கை வலிக்கு அக்குபஞ்சர் பத்தின ஆய்வுகளை எல்லாம் 2002-இல் ஒண்ணாச் சேத்துப் பாத்திருக்காங்க. கொஞ்ச காலத்துக்கு வலி குறையுது, நீடிச்ச பலன் உண்டுன்னு சொல்லுத அளவுக்குச் சான்று இல்லைன்னுதான் வந்துச்சாம். இந்த நோய் பெரும்பாலானவங்களுக்கு ஒரு வருஷம் ஒண்ணரை வருஷத்துல தானாவே அடங்கவும் செய்யுமாம். "நான் வலியைக் கொஞ்ச நாள் தூங்க வைக்கேன். அது தூங்குற நேரத்துல நீங்க நாணைப் பலப்படுத்தணும். போன தடவை தூங்கின உடனே நீங்க கொடைக்குப் போயிட்டீங்க." அப்படியே சொன்னாங்க. எனக்கு அதுக்குப் பதில் இல்லை.

பிசியோதெரபி பண்ணுத ஒரு பையன்கிட்ட அனுப்பினாங்க. அவன் சொல்லிக் குடுத்த பயிற்சி: மேசை மேல முன்கையை வச்சு, உள்ளங்கை தரையைப் பாத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளிய. கையில அரை லிட்டர் தண்ணிப் பாட்டில். இடது கையால வலது மணிக்கட்டை மேல தூக்கி விட்டு, வலது கையால மட்டும் பைய இறக்கணும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணி. பதினஞ்சு தடவை, மூணு வட்டம். தூக்குறது இல்லை, இறக்குறதுதான் மருந்து. பண்ணும்போது லேசா வலிக்கலாம். மறுநாள் காலையிலயும் அந்த வலி இருந்தா எடையைக் குறைக்கணும்.

முதல் நாள் அரை லிட்டர் பாட்டிலை இறக்க முடியாம கை நடுங்கிச்சு. தோள்ல தவிலைச் சுமந்து ஊரைச் சுத்தி வந்த கை இது.

18 செப்டம்பர் 2022

கேட்ட தம்பிக்கு: அண்ணனுக்கு விரல் மரத்துப் போகுதான்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும், இப்போ கேக்கேன். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் ராத்திரியில மரத்தா மணிக்கட்டு நரம்பு. சுண்டுவிரல் மரத்தா முழங்கையோட உள்பக்க நரம்பா இருக்கலாம். கழுத்தைத் திருப்பினா கைக்கு வலி ஓடினா கழுத்து. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. கையில பிடிப்பு குறைஞ்சு சாமான் நழுவுதுன்னா அக்குபஞ்சருக்கெல்லாம் போகாதீங்க, முதல்ல நரம்பு டாக்டர்.

27 அக்டோபர் 2022

தீபாவளிக்கு மச்சான் வீட்டுக்குப் போன இடத்துல ஒரு பழைய தவிலைக் கண்டேன். அவங்க தாத்தா அடிச்சது. பலாமரம், தோல் வார் இழுத்துக் கட்டினது. சும்மா ரெண்டு அடி அடிச்சுப் பாத்தேன். வலது கையால அடிக்கிற பக்கம், வலந்தலை, கையைத் திருப்பி அடிக்கலை. தோலு கொஞ்சம் வாங்கிக்கிடுது.

எங்க தவில்ல நான் வாரை எடுத்துட்டு இரும்பு வளையம், போல்ட்டு போட்டு நாலு வருஷம் ஆகுது. ஸ்பேனரை வச்சு முறுக்கினா வலந்தலை இரும்புத் தகடு கணக்கா நிக்கும். மைக் இல்லாட்டியும் நாலு தெரு கேக்கும். நாயனக்காரங்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனா தோலு வாங்காத அடி எங்க போகும்? விரல்ல மைதாப் பசையும் துணியும் சுத்திக் காய வச்ச கூடு கல்லு மாதிரி இருக்கு. அதுவும் வாங்காது. மணிக்கட்டுதான் வாங்குது, அங்கிருந்து முழங்கை. நான் எந்த ஆய்வையும் வச்சுச் சொல்லலை, என் கை சொல்லுதது. வளையம் போட்ட மூணாவது வருஷம் வலி வந்துச்சு.

வளையத்தைக் கழட்டப் போறதில்லை. கொடை முடிஞ்சதும் போல்ட்டைத் தளர்த்தி வைக்கேன், வீட்டுல சாதகம் பண்ணும்போது முறுக்காம அடிக்கேன். அதுக்கே வித்தியாசம் தெரியுது.

12 ஜனவரி 2023

பானை செய்யுறவங்களுக்கு இந்த வலி வருமான்னு ஒரு அண்ணாச்சி கேட்டார். எங்க பக்கம் காருகுறிச்சியில பானை செய்யுறவங்க இருக்காங்க. ஒருத்தர்கிட்ட போய்க் கேட்டேன். "கை வலிக்காத குயவன் உண்டா?"ன்னாரு. வெந்நீர்ல உப்புப் போட்டுக் கையை வைப்பாராம். அவர் வீட்டுத் திண்ணையில நாயனத்தைப் பத்தித்தான் ஒரு மணி நேரம் பேசினோம். பெரிய நாயனக்காரர் காருகுறிச்சி அருணாசலம் பிறந்த ஊருல்லா. நாற்பத்து மூணு வயசு முடியுறதுக்குள்ள, 1964-இல் போயிட்டார். அந்த மூச்சுக்கும் அந்த விரலுக்கும் அந்தக் காலத்துல யாரு என்ன கவனிப்புக் குடுத்திருப்பாங்கன்னு வீடு வரும் வரைக்கும் யோசிச்சுட்டு வந்தேன்.

எங்க தொழில்ல வலிக்குதுன்னு சொன்னா அடுத்த கொடைக்குக் கூப்பிட மாட்டாங்க. அதனாலதான் எல்லாரும் மறைக்கோம். மகுடம் அடிக்கிறவங்க, பம்பைக்காரங்க, வில்லுப்பாட்டுல வீசுகோல் போடுறவங்க, குடம் அடிக்கிறவங்க, ஒருத்தர்கிட்டயாவது கேட்டுப் பாருங்க, கையைத் தடவிக்கிட்டே "ஒண்ணுமில்லை"ம்பாங்க.

8 ஏப்ரல் 2023

பங்குனி உத்திரம் முடிஞ்சுது. மூணு நாள் அடிச்சேன். வலி இருந்துச்சு, பத்துக்கு ரெண்டு. மறுநாள் காலையில இல்லை.

பி12 இப்போ 412. மூணு மாசச் சுகர் 7.0. பாட்டில் ஒண்ணரை லிட்டருக்கு ஏறியாச்சு. அக்குபஞ்சர் ஊசி ஐப்பசிக்குப் பொறவு போடலை. இது எதனால வந்த குணம்னு என்னைக் கேட்டா, பயிற்சிக்கு முதல் இடம் குடுப்பேன், ஓய்வுக்கு அடுத்தது. நாள் கடந்து தானா ஆறினதும் இதுல உண்டு. பி12 ஏறினதால முழங்கை சரியாச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா கால் எரிச்சல் போச்சு, விடிய அடிச்சாலும் முந்தி மாதிரி தலை கிறுகிறுக்கலை. ஊசி இல்லாட்டி முதல் மாசத்துல அந்தப் பயிற்சியைத் தொட்டிருக்கவே மாட்டேன், அந்த அளவுக்கு வலிச்சுது. அதனால ஊசியை விட்டுக் குடுக்கவும் மனசு வரலை.

21 ஆகஸ்ட் 2023

வள்ளியூர்த் தம்பி ஒரு வருஷம் கழிச்சு எழுதியிருக்கார். அண்ணனுக்குக் கோளாறு முழங்கையிலயே இல்லையாம், கழுத்து எலும்பு நடுவுல நரம்பு அமுங்கியிருக்காம். எம்ஆர்ஐ எடுத்துப் பாத்திருக்காங்க. நடுவுல முழங்கையில ரெண்டு ஸ்டீராய்டு ஊசி, அக்குபஞ்சர் பன்னெண்டு தடவை, எல்லாம் வலிச்ச இடத்துலயே போயிருக்கு. இப்போ கழுத்துக்குப் பயிற்சி பண்ணுதார், ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. மே 9-ஆம் தேதி ஒரு கேள்வியும் கேக்காம "நம்பிப் போகச் சொல்லுங்க"ன்னு நான் எழுதினது அவருக்கு எத்தனை மாசத்தைத் தின்னுச்சோ. தம்பி, அண்ணன்கிட்ட என் சார்புல மன்னிப்புக் கேளுங்க. நான் நேர்லயும் வாரேன்.

தவில் வாரை எந்தத் தோள்ல போடணும்னு அண்ணன் கேக்கச் சொன்னாராம். அதைக் கழுத்துக்குப் பயிற்சி குடுக்கிறவங்ககிட்ட தவிலையே கொண்டு போய்க் காட்டிக் கேக்கச் சொல்லுங்க. நான் என் தவிலைத் தூக்கிட்டுப் போய்த்தான் காட்டினேன். பிசியோதெரபிப் பையன் வாரை மாட்டிப் பாத்துட்டு, பட்டையை மூணு விரக்கடை அகலமாத் தைக்கச் சொன்னான், உள்ளே பழைய வேட்டியை மடிச்சு வச்சு. ஊர்வலம் நிக்கிற இடத்துல எல்லாம் தவிலை இறக்கி ஒரு ஸ்டூல்ல வைக்கச் சொன்னான். அந்த ஸ்டூலைத் தூக்கிட்டு வர்றதுக்குன்னே என் தம்பி மகனைக் கூட்டிட்டுப் போறேன். வர்ற வெள்ளிக்கிழமை முக்கூடல் பக்கம் ஒரு கொடை, மதியக்கொடை எனக்கு, சாமக்கொடைக்கு அவன் அடிக்கான்.